பெயர் வைக்காத சிப்: ஈஎஸ் ப்ராசஸர் வாங்கும் முன்

பழைய சர்வர் பாகங்கள் விற்கிற ஆன்லைன் கடைகளில் ஸீயான் என்று தேடினால், ஒரே அளவு கோர் உள்ள இரண்டு ப்ராசஸர்கள் இரண்டு விலையில் கிடைக்கும். விலை குறைந்ததன் பக்கத்தில் 'ஈஎஸ்' அல்லது 'க்யூஎஸ்' என்று சின்னதாக எழுதியிருக்கும். தஞ்சாவூரில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் நண்பர் ஒருவர் அதைக் காட்டி, "இதை வாங்கலாமாண்ணே?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அவருக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். சம்பாப் பயிர் வளரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவின் மேல் மேகம்தான். சாதாரண செயற்கைக்கோள் படத்தில் வயல் தெரியாது. 2014-இல் ஏவப்பட்ட சென்டினல்-1 மாதிரியான ரேடார் செயற்கைக்கோள்களுக்கு மேகம் தடையில்லை. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேல் வரும். இப்படிப் பருவம் முழுக்க எடுத்த படங்களை அடுக்கி, எந்த வயலில் எப்போது நடவு நடந்தது என்று கணக்கிடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த வகை வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கும் இது பயன்பட்டிருக்கிறது. இதற்கு நிறைய கோரும், அதைவிட நிறைய ரேமும் வேணும். ஆனா கணக்கு தப்பினால் பாதிக்கப்படுவது கணினி இல்லை, ஒரு கிராமத்தின் பரப்பளவு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஈஎஸ் என்றால் என்ன?

இன்ஜினியரிங் சாம்பிள். ஒரு ப்ராசஸர் சந்தைக்கு வருவதற்கு முன்னால், போர்டு தயாரிப்பவர்களுக்கும் பயாஸ் எழுதுபவர்களுக்கும் சோதிக்கக் கொடுக்கும் சிப். டெல்டாக்காரர்களுக்கு இது புதுசில்லை. 1922-லிருந்து இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ரகத்துக்கு 'ஏடிடி' எண் கிடைக்கும் முன், அது வெறும் 'கல்ச்சர்' எண்தான். பல ஊர்களில், விவசாயிகளின் வயல்களிலேயே போட்டுப் பார்ப்பார்கள். சில கல்ச்சர் ரகமாகும், பல காணாமல் போகும். ஈஎஸ் அந்தக் கல்ச்சர். க்யூஎஸ் என்கிற குவாலிஃபிகேஷன் சாம்பிள் கடைசிக் கட்டம். வெளியிடப்போகும் ரகத்துக்கு மிக நெருக்கமானது.

இன்டெல் சிப்பை அடையாளம் காண்பது சுலபம். விற்பனைச் சிப்பின் மூடியில் மாடல் பெயரும், 'எஸ்' எழுத்தில் தொடங்கும் ஒரு குறியீடும் இருக்கும். சாம்பிளில் அந்த இடத்தில் 'க்யூ'வில் தொடங்கும் குறியீடும், பெரும்பாலும் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்ற வரியும் இருக்கும். கணினியில் போட்டால் பல சாம்பிள்கள் தன் பெயரைச் சொல்லாது. 'ஜெனுயின் இன்டெல் சிபியு 0000' என்று மட்டும் காட்டும்.

சாக்கெட் பொருந்தினால் போதாதா?

போதாது. சிப், போர்டு, ஃபர்ம்வேர் மூன்றும் ஒத்துப்போகணும்.

நம்ம ஊரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஐஐடி மெட்ராஸின் சக்தி திட்டத்தில் 2018-இல் முதல் சோதனைச் சிப்புகள் 300 வந்தன. அமெரிக்காவில் இன்டெலின் ஆலையில், 22 நானோமீட்டர் முறையில் செய்தவை. லினக்ஸ் அதில் ஓடியது. 2020-இல் வந்த 'மௌஷிக்' சிப்புக்கு அவர்களே தனியாக ஒரு போர்டையும் வடிவமைத்தார்கள். புதுச் சிப் என்றால் கூடவே போர்டும் பூட் மென்பொருளும் சேர்ந்துதான் வளரும். ஈஎஸ் வாங்குபவர் கையில் இருப்பது சிப் மட்டும். மற்ற இரண்டையும் அவரேதான் தேடணும்.

பவர் பொத்தானை அழுத்தியதும் பயாஸ் சிப்பின் அடையாள எண்ணைப் படிக்கிறது. அதில் பேமிலி, மாடல், ஸ்டெப்பிங் என்று மூன்று பகுதி. ஸ்டெப்பிங் என்பது ஒரே வடிவமைப்பின் எத்தனையாவது திருத்தம் என்பது. அந்த எண்ணுக்கு ஏற்ற மைக்ரோகோட் தன்னிடம் இருந்தால் அதைச் சிப்பில் ஏற்றும். பிறகு ரேமைத் தயார்செய்யும். மைக்ரோகோட் இல்லை, அல்லது ரேம் தயார்செய்யும் பகுதிக்கு இந்தத் திருத்தம் தெரியாது என்றால், ஃபேன் சுத்தும், திரையில் ஒண்ணும் வராது.

இன்னொரு விஷயம். போர்டு முதலில் வந்தபோது இருந்த பயாஸில் சாம்பிளுக்கான மைக்ரோகோட் இருந்திருக்கலாம். பிற்பாடு வந்த பதிப்பில் இடம் போதாமலோ தேவையில்லை என்றோ எடுத்திருப்பார்கள். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் ஈஎஸ் கணினியில் பயாஸை அப்டேட் செய்தால் அதுவே கடைசி பூட்டாக ஆகலாம். பிஎம்சி உள்ள சில சர்வர் போர்டுகளில் சிப் ஓடாமலே பயாஸை மாற்ற முடியும். இல்லாவிட்டால் சிஎச்341ஏ புரோகிராமரும் 8 கால் கிளிப்பும் வேணும். பயாஸ் சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பார்க்காமல் கிளிப்பை மாட்டக்கூடாது.

எண்ணைப் படிப்பது எப்படி?

லினக்ஸில் 'எல்எஸ்சிபியு' கட்டளை கொடுத்தால் மாடலும் ஸ்டெப்பிங்கும் சாதாரண எண்ணாகவே வரும். விற்பனைக்கு வந்த சிப்புகளில் இப்படி இருக்கும்:

- இ5 வி3 (2014): மாடல் 63, ஸ்டெப்பிங் 2
- இ5 வி4 (2016): மாடல் 79, ஸ்டெப்பிங் 1
- ஸ்கைலேக் ஸ்கேலபிள் (2017): மாடல் 85, ஸ்டெப்பிங் 4
- கேஸ்கேட் லேக் (2019): மாடல் 85, ஸ்டெப்பிங் 6 அல்லது 7

விற்பவரிடம் இந்தத் திரையின் படத்தைக் கேளுங்கள். ஸ்டெப்பிங் இதே எண் என்றால் பெரும்பாலும் க்யூஎஸ். சாதாரண பயாஸே ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அதைவிடக் குறைந்த எண் என்றால் முந்தைய திருத்தம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

ஏஎம்டி எபிக் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சில பிராண்டு சர்வர்களில் ஓடிய எபிக் சிப், பாதுகாப்பு வசதி காரணமாக அந்த பிராண்டோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கும். வேறு போர்டில் எழாது. சாம்பிள் இல்லாத முறையான சிப்புக்கும் இது பொருந்தும்.

பூட் ஆகிவிட்டது, அப்புறம்?

இங்கேதான் நான் தயங்குகிறேன். விற்பனைச் சிப்பிலேயே பிழை வரும். 1994-இல் பென்டியத்தின் வகுத்தல் பிழைக்காக இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்கியது. 2014 ஆகஸ்டில் ஹாஸ்வெல் சிப்புகளில் டிஎஸ்எக்ஸ் என்ற வசதியில் பிழை தெரிந்து, மைக்ரோகோட் மூலம் அதையே அணைத்தார்கள். 2018-இல் வெளிவந்த ஸ்பெக்டர் ஓட்டைக்கான திருத்தங்களில் ஒரு பகுதியும் மைக்ரோகோட் வழியாக வந்தது. லினக்ஸ் தரும் மைக்ரோகோட் தொகுப்பு அடையாள எண் சரியாகப் பொருந்தினால்தான் ஏறும். பழைய ஸ்டெப்பிங் ஈஎஸ்ஸுக்கு அந்தத் திருத்தங்கள் வந்து சேராது. அதன் பிழைகளுக்குப் பொதுவில் பட்டியலும் இல்லை.

ஏற்கெனவே ஒன்று கையில் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட். பிறகு விடை தெரிந்த கணக்குகளைப் போட்டு ஒப்பிடும் எம்ப்ரைம், ஒரு நாள் முழுக்க. கடைசியாக ஒரே ரேடார் படத்தை அதே மென்பொருளில் இதிலும் ஒரு நல்ல கணினியிலும் ஓட்டி, பிக்சல் பிக்சலாகக் கழித்துப் பார்க்கணும். வித்தியாசம் வந்தால் ஏன் என்று தெரியும்வரை அந்த முடிவை யாருக்கும் தராதீர்கள். மே மாதப் பகலில், அறை நல்லா சூடா இருக்கும்போது செய்தால் இன்னும் நல்லது.

உரிமைப் பிரச்சினையும் இருக்கு. சாம்பிள்கள் தன் சொத்து, கடனாகக் கொடுத்தவை, விற்பனைக்கு இல்லை என்பது இன்டெலின் நிலை. வாரண்டி கிடையாது. ஆராய்ச்சி நிதியில் வாங்கினால் தணிக்கையில் என்ன பதில் சொல்வது?

என் பதில்

நண்பருக்கு நான் சொன்னது: ஈஎஸ் வேண்டாம். டேட்டா சென்டர்களிலிருந்து கழித்துவிட்ட முறையான இ5-2680 வி4 பாருங்கள். 14 கோர், 120 வாட். 'எஸ்' குறியீடு உள்ளதா என்று மூடியைப் பாருங்கள். போர்டின் கூலர் துளைகள் சதுரமா, குறுகலா என்று கேட்டுவிட்டு கூலர் வாங்குங்கள். ஈசிசி உள்ள ரெஜிஸ்டர்டு டிடிஆர்4 ரேம் போடுங்கள். கரண்ட் போனாலும் ஒழுங்காக ஷட்டவுன் ஆகிற அளவுக்கு யுபிஎஸ் வையுங்கள்.

பயாஸ், மைக்ரோகோட் இதையெல்லாம் நோண்டிக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் க்யூஎஸ் ஒன்று நல்ல வாத்தியார், அதை மறுக்கவில்லை. ஆனா நடவுக்கு விதை வாங்கும்போது மூட்டையில் சான்று விதையின் நீல அட்டை இருக்கான்னு பார்த்துத்தானே எடுக்கிறோம். கல்ச்சரைப் போட்டுப் பார்க்கிறவர்களும் அதைத் தனிப் பாத்தியில்தான் போடுகிறார்கள். மொத்தக் குத்தகை நிலத்திலும் போடுவதில்லை.