வாடா மலர்கள்

நுழையும் முன்

செடியில் பூத்த மலர் ஒரு நாளில் வாடும். களிமண்ணில் மலரை வடித்த கையின் திறமோ, போற்றிக் காப்பார் இல்லையெனில் ஒரு தலைமுறையில் மறையும். கைவினைப் பொருள்களைத் தேடித் தொகுப்பது ஏன் ஓர் அரும்பணி ஆகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பீங்கான் மலர்

ஊறுகாய் இட்டுவைக்கும் சாடியைப் பீங்கான் சாடி என்கிறோம். அது தடித்த வகை. அதே பெயரால் வழங்கும் நுண்ணிய வகையும் உண்டு. கயோலின் என்னும் வெண்களிமண்ணுடன் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்சு ஆகிய கற்களின் பொடியைச் சேர்த்துப் பிசைந்து, ஏறத்தாழ 1300 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டு அதனை ஆக்குவர். இக்கலையை முதலில் அறிந்தவர்கள் சீனர்கள். மெல்லியதாகச் செய்த பீங்கானின் வழியே ஒளி கசியும். ஆகவே, இதழ்களை வடிக்க அது மிகவும் ஏற்றது.

கைவினைஞர் சிறு களிமண் உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் அழுத்தி, அதன் விளிம்பை மெலிதாக்குவார். அவ்வாறு செய்த இதழ்களைக் களிக்குழம்பால் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவார். பின்னர் நிழலில் மெல்ல உலர்த்துவார். விரைவாக உலர்ந்தால் இதழ் வெடித்துவிடும். சூளையில் மலர் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கும். எனவே, வேண்டிய அளவைவிடப் பெரிதாகவே அதைச் செய்தல் வேண்டும். வண்ணங்களுள் பெரும்பாலானவை அக்கடும் வெப்பத்தைத் தாங்கா. ஆதலால், சுட்ட மலர்மீது வண்ணம் தீட்டிக் குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடுவர். இவ்வாறு கையால் வடித்த இரு மலர்கள் ஒருபோதும் ஒன்றுபோல் இரா.

மகள் அனுப்பிய பரிசு

ஐரோப்பியர் நெடுங்காலம் சீனப் பீங்கானையே மிகுந்த விலை கொடுத்து வாங்கினர். 1710ஆம் ஆண்டில், இன்றைய ஜெர்மனியில் உள்ள மைசன் நகரில் சாக்சனி அரசின் பீங்கான் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பிரான்சு நாட்டின் வென்சேன் தொழிற்சாலை 1740களில் பீங்கான் மலர்களுக்குப் புகழ்பெற்றது. கயோலின் அங்கு அப்போது கிடைக்காமையால், வேறொரு கலவையைக் கொண்டு மென்மையான பீங்கானைச் செய்தனர். கிராவான் என்னும் அம்மையாரின் மேற்பார்வையில் பெண்களே மலர்களை வடித்தனர்.

சாக்சனியை ஆண்ட மூன்றாம் அகஸ்டசின் மகள் மரி ஜோசப், பிரான்சின் பட்டத்து இளவரசரை மணந்தவர். அவர் 1749ஆம் ஆண்டில், 400க்கும் மேற்பட்ட பீங்கான் மலர்கள் கொண்ட செண்டு ஒன்றைத் தம் தந்தைக்குப் பரிசாக அனுப்பினார். பீங்கான் தொழிற்சாலைக்கே உரிமையுடைய தந்தைக்குப் பீங்கான் பரிசு! புகுந்த நாட்டின் கைத்திறம் பிறந்த நாட்டின் கைத்திறத்திற்குச் சற்றும் குறைந்ததன்று என்பதை அச்செண்டு உணர்த்தியது. இன்றும் அது டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

அச்செண்டால் இளவரசியின் பெயர் நிலைத்தது. இதழ்களை வடித்த பெண்களுள் பெரும்பாலோரின் பெயர்களை எவரும் சொல்வதில்லை. அவர்களின் திறத்திற்கு அம்மலர்களே சான்று.

புனேயில் ஒரு தொகுப்பாளர்

பெயர் தெரியாத கைவினைஞர்களின் படைப்புகளையே தேடித் தொகுத்த ஒருவர் நாம் வாழும் புனே நகரில் இருந்தார். அவர் தினகர் கேள்கர் (1896–1990). ‘அஞ்ஞாதவாசி’ என்னும் புனைபெயரில் மராத்தியில் கவிதை எழுதியவர். அவர் தம் துணைவியார் கமலாபாயுடன் சேர்ந்து, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் பொருள்களைத் திரட்டினார். அவர் திரட்டியவற்றுள் பல, எளிய மக்கள் நாள்தோறும் கையாண்டவை: விளக்குகள், பாக்குவெட்டிகள், மைக்கூடுகள், பாதம் தேய்க்கும் கருவிகள், இசைக்கருவிகள், செதுக்கிய மரக்கதவுகள்.

கேள்கரின் மகன் ராஜா ஏழு வயதில் இறந்தான். அவன் நினைவாக அத்தொகுப்பிற்கு ‘ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம்’ எனப் பெயரிட்டார். அதனை மாநில அரசுக்கே வழங்கினார். இன்று அங்கு 20,000க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 2,500 பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. பழையன என்று பிறர் ஒதுக்கிய பொருள்களில் அவர் மனிதரின் கைவண்ணத்தைக் கண்டார்.

தொகுப்பவர் அறிய வேண்டியவை

பீங்கான் மலரை இதழைப் பற்றித் தூக்குதல் கூடாது. அடிப்பகுதியை இரு கைகளாலும் தாங்குதல் வேண்டும். தூசியை மென்தூரிகையால் நீக்குதல் நன்று. அடியில் உள்ள முத்திரையையும் நோக்குதல் வேண்டும். மைசன் பீங்கானில் குறுக்கிட்ட இரு வாள்களின் நீல உருவம் காணப்படும்.

இவை அனைத்தினும் முதன்மையானது குறிப்பேடு. பொருளின் பெயர், செய்தவர், பயன்படுத்தியவர், கிடைத்த ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதிவைத்தல் வேண்டும். தொகுக்கத் தொடங்குவோர்க்கு விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த சாடி, தாத்தாவின் பாக்குவெட்டி போன்றவையே போதும். அவற்றின் வரலாற்றை அறிந்தவர்கள் நம்முடன் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது இன்றியமையாதது.

சொற்பொருள்

திறம் – ஆற்றல்
செண்டு – பூங்கொத்து
சூளை – மட்கலம் சுடும் அடுப்பு
சான்று – ஆதாரம்
தூரிகை – வண்ணம் தீட்டும் கோல்

பயிற்சி

1. பீங்கான் மலரை வேண்டிய அளவைவிடப் பெரிதாகச் செய்வது ஏன்?
2. மரி ஜோசப் அனுப்பிய பரிசு எதனை உணர்த்தியது?
3. வென்சேன் மலர்களுக்கும் கேள்கரின் தொகுப்பிற்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.
4. உங்கள் வீட்டில் உள்ள கைவினைப் பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.