பருவும் அமில நீரும்



பிள்ளைகள் 12, 13 வயதை எட்டியதும் அவர்கள் முகத்தில் பரு தோன்றுவது இயற்கை. பெரியவர்களாகிய நாம் அதனை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. ஆனால், அந்தப் பிள்ளைக்கு அது பெரிய துன்பம். பள்ளியில் புகைப்படம் எடுக்கும் நாளில் வீட்டிலேயே தங்கிவிடும் பெண் பிள்ளைகள் உண்டு. வேலைக்கு நேர்முகத் தேர்வு என்றால் தலை குனிந்தே பேசும் இளைஞர்களும் உண்டு. அந்த வேதனையில் அவர்கள் 'டோனர்' என்னும் திரவத்தைக் கடையிலோ கைப்பேசி வழியாகவோ வாங்கி வருகிறார்கள். குப்பியில் 'அமிலம்' என்ற சொல்லைக் கண்டதும் தாய்மார்கள் சிலர் அஞ்சுகிறார்கள். பிள்ளைகள் சிலரோ அதைப் பன்னீரைப் போல் அள்ளிப் பூசுகிறார்கள். இரண்டும் தவறு. அந்தத் திரவம் என்ன செய்கிறது, எப்படிப் பயன்படுத்துவது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், பரு எப்படி உண்டாகிறது? நம் தோலில் எண்ணற்ற நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் எண்ணெய் மிகுதியாகச் சுரக்கிறது. துளையின் உட்சுவரிலிருந்து உதிரவேண்டிய செத்த செல்கள் உதிராமல் அந்த எண்ணெயோடு ஒட்டிக்கொள்கின்றன. மழைக்காலத்தில் தோட்டத்துக் கால்வாயைச் சருகு அடைத்துக்கொள்வதைப் போல, துளை அடைபடுகிறது. தோலில் எப்போதும் வாழும் ஒருவகை நுண்ணுயிரி அதற்குள் பெருகுகிறது. துளை வீங்கிச் சிவந்து சீழ் வைக்கிறது. மூக்கின் மேல் காணும் கரும்புள்ளியும் அடைபட்ட துளைதான், அது அழுக்கன்று. ஆகவே, சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பதால் அது போகாது. தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் புண்ணாகும்.

அமில டோனர் அந்த அடைப்பைத் தளர்த்துகிறது. செத்த செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்பை அது இளக்குகிறது; அவை தாமாகவே உதிர்கின்றன. இதில் இரண்டு வகை அமிலங்களை அடிக்கடி காணலாம். ஒன்று சாலிசிலிக் அமிலம். இது எண்ணெயில் கரையும். ஆதலால் எண்ணெய் நிறைந்த துளைக்குள் இறங்கி வேலை செய்யும். பரு வரும் முகத்துக்கு இதுவே பொதுவாக ஏற்றது. மற்றொன்று கிளைகோலிக் அமிலம். கரும்பிலும் காணப்படும் இது நீரில் கரையும். பெரும்பாலும் தோலின் மேற்பரப்பில் வேலை செய்யும்.

எந்த அமிலமும் அளவோடு இருந்தால்தான் பயன். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தை நம் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். தண்ணீர் கலந்து அளவாக ஊற்றினால் பால் பக்குவமாக உறையும். கலக்காத அமிலம் கையில் பட்டாலோ தோல் வெந்துவிடும். முகத்துக்கு உரிய அமிலம் வேறு. ஆயினும் அளவு என்னும் விதி இங்கும் அதுவே. சாலிசிலிக் அமிலமாயின் அரை விழுக்காடு முதல் 2 விழுக்காடு வரை போதும். கிளைகோலிக் அமிலமாயின் 5 விழுக்காட்டில் தொடங்கலாம். 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம். 20, 30 விழுக்காடு என்று எழுதிய 'பீலிங்' திரவங்கள் மருத்துவர் கையில் இருக்கவேண்டியவை. அவற்றை வீட்டில் தொடவே கூடாது.

இனி, பூசும் முறை. புதிதாக வாங்கிய டோனரை முதலில் தாடையின் ஓரத்தில் சிறிதளவு தடவி, மூன்று நான்கு நாள் பார்க்கவேண்டும். தடிப்போ கடும் எரிச்சலோ இல்லையென்றால் முகத்துக்குப் பயன்படுத்தலாம். இரவில் மென்மையான சவர்க்காரத்தால் முகம் கழுவி, ஈரம் முழுவதும் உலர்ந்த பின், பஞ்சில் சில துளிகள் நனைத்து மெல்ல ஒற்றவேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. கண்ணைச் சுற்றியும், உதட்டிலும், புண்ணிலும் படலாகாது. பிறகு, எண்ணெய் இல்லாத ஈரப்பசைக் களிம்பைத் தடவவேண்டும். முதல் இரண்டு வாரம், வாரத்தில் இரண்டு இரவு மட்டும் போதும். தோல் ஏற்றுக்கொண்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசலாம். ஆஸ்பிரின் மாத்திரை ஒவ்வாதவர்கள் சாலிசிலிக் அமிலத்தைத் தவிர்க்கவேண்டும். கர்ப்பிணிகள் முதலில் தாதியிடமோ மருத்துவரிடமோ கேட்கவேண்டும்.

"எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. இது முகத்தைக் கெடுக்கும் பேச்சு. இலேசான குறுகுறுப்பு இயல்பு. ஆனால் எரிச்சல் நீடித்தாலோ, தோல் சிவந்து உரிந்தாலோ, உடனே நிறுத்தவேண்டும். நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலுக்கு இது மிக முக்கியம். இத்தகைய தோல் புண்பட்டால் அந்த இடம் கறுத்துப் போகும்; அந்தக் கறுப்பு மறையப் பல மாதங்கள் ஆகும். பரு ஒரு வாரத்தில் அடங்கிவிடலாம். அவசரத்தால் வந்த கறை ஆண்டு கடந்தும் நிற்கலாம்.

வெயிலையும் மறந்துவிடலாகாது. கிளைகோலிக் போன்ற அமிலங்கள் தோலை வெயிலுக்கு எளிதில் இலக்காக்குகின்றன. இவை கலந்த பொருள்களைப் பூசும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு வாரம் வரையிலும் வெயிலிலிருந்து முகத்தைக் காக்கவேண்டும் என்னும் எச்சரிக்கையைக் குப்பியில் அச்சிடுமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-ஆம் ஆண்டில் வழிகாட்டியது. காலை முதல் வெளியில் உழைக்கும் நமக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். அகன்ற விளிம்புள்ள தொப்பி அணியவேண்டும். எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் களிம்பைத் தடவி, வியர்வையில் கரைந்தால் மீண்டும் தடவவேண்டும். இது முடியாதவர்கள் அமில டோனரைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

வீட்டு வழக்கங்கள் சிலவற்றையும் கவனிக்கவேண்டும். எலுமிச்சைச் சாறும் அமிலந்தானே என்று சிலர் முகத்தில் பூசிக்கொள்கிறார்கள். அந்தச் சாறு தோலில் இருக்க வெயில் பட்டால், கொப்புளமும் கருந்திட்டும் உண்டாகும். பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கலாம். முகம் செம்பு அல்லவே! தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழிந்தால், அதுவும் துளையை அடைத்துப் பருவை வளர்க்கும். விடியற்காலையில் மரம் வெட்டப் போகிறவர்களின் தலைவிளக்குப் பட்டை நெற்றியை அழுத்தி உராய்வதாலும் பரு வரும். அந்தப் பட்டையை அடிக்கடி துவைத்துக் காயவைக்கவேண்டும்.

இன்னோர் ஆபத்து, ஒரே வாரத்தில் பருவை நீக்கி முகத்தை வெளுப்பாக்குவதாக விற்கப்படும் களிம்புகள். நம் நாட்டின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த பல அழகுப் பொருள்களைக் கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு முதலில் முகத்தைப் பளபளப்பாக்கும். பிறகு தோலை மெலியச் செய்து, பருவை முன்னிலும் மோசமாக்கும். ஒரு பொருள் முறைப்படி அறிவிக்கப்பட்டதா என்பதை அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பெயரைத் தேடி அறியலாம். பெயரும் உட்பொருளும் அச்சிடாத குப்பியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

டோனரின் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்குள் நான்கு குப்பிகளை மாற்றினால் எதுவும் பலன் தராது. பதறாத காரியம் சிதறாது. இரண்டு மூன்று மாதமாகியும் குறையாவிட்டாலும், கட்டி கட்டியாக வலியுடன் பரு வந்தாலும், குழி விழுந்தாலும், டோனரை நம்பிக் காலம் கடத்தாமல் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். பரு ஒரு நோய்; அதற்கு மருத்துவம் உண்டு. குழி விழுந்த பின் வருந்துவதைவிட, விழுமுன் மருத்துவரைப் பார்ப்பது மேல்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கண்ணாடி முன் நின்று கலங்கினால் கேலி செய்யாதீர்கள். அந்தக் குப்பியை வாங்கி, அதில் எழுதியிருப்பதை இருவருமாகச் சேர்ந்து படித்துப் பாருங்கள்.