பூச்சி மருந்து அடிக்க வருபவரிடம் உரிமத்தையும் கேளுங்கள்

அறுவைச் சிகிச்சையோ நெடுநாள் சிகிச்சையோ முடிந்து நோயாளி வீடு திரும்பும் நாள் தெரிந்தவுடன், வீட்டைத் துப்புரவு செய்யும் வேலை தொடங்கிவிடுகிறது. கட்டிலில் மூட்டைப்பூச்சி, சமையலறையில் கரப்பான், பரணில் எலி என்று தொல்லை இருந்தால், பூச்சி மருந்து அடிப்பவரை அழைப்பதும் அவ்வேலைகளுள் ஒன்றாகிறது. நோக்கம் நல்லதே. கரப்பான்பூச்சியின் கழிவும் அதன் உடலிலிருந்து உதிரும் துகள்களும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. எலியின் சிறுநீர் எலிக்காய்ச்சலைப் பரப்பக்கூடியது.

ஆனால், எந்த மருந்து, யாரால், எவ்வளவு பயன்படுத்தப்பட்டது என்பதைக் குடும்பத்தினர் பெரும்பாலும் கேட்டு அறிவதில்லை. கட்டணம் எவ்வளவு, எத்தனை மாத உத்தரவாதம் என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூன்றாவதாக உரிமத்தையும், நான்காவதாக மருந்தின் பெயரையும் கேட்க வேண்டும். ஆபத்து நேரும்போது மருத்துவருக்குப் பயன்படுபவை இந்தக் கடைசி இரண்டுமே ஆகும்.

சட்டம் வந்த காரணம்

1958ஆம் ஆண்டு கேரளத்தில் நஞ்சு கலந்த உணவுப்பொருளை உண்டு நூறு பேருக்கு மேல் இறந்தனர். பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியும் உணவுப்பொருள்களும் ஒரே கப்பலில் ஏற்றி வரப்பட்டதும், வழியில் நஞ்சு கசிந்து உணவில் கலந்ததும் விசாரணையில் தெரியவந்தன. இத்தகைய நஞ்சுகளின் உற்பத்தி, போக்குவரத்து, விற்பனை, பயன்பாடு அனைத்தையும் முறைப்படுத்த ஒரு சட்டம் தேவை என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. அதன் விளைவாக 1968இல் பூச்சிக்கொல்லிகள் சட்டமும், 1971இல் அதன்கீழ் விதிகளும் வந்தன. எலி மருந்து, கரையான் மருந்து, களைக்கொல்லி ஆகியனவும் சட்டத்தின் பார்வையில் பூச்சிக்கொல்லிகளே.

உரிமம் யாருக்கு வேண்டும்?

வீடு, கடை, உணவகம், அலுவலகம், கிடங்கு என எங்கு ஆனாலும், வணிக நோக்கில் பூச்சி மருந்து இடுபவர் அதற்கென உரிமம் பெற்றிருக்க வேண்டும். இதை வழங்குபவர் மாநில அரசு நியமிக்கும் உரிம அலுவலர். தமிழ்நாட்டில் இப்பொறுப்பு வேளாண்மைத் துறையினருடையது. நகராட்சியில் பெற்ற தொழில் உரிமமும் ஜிஎஸ்டி பதிவும் வேறு. அவற்றைக் காட்டுவது இதற்கு ஈடாகாது.

உரிமம் பெறும் நிறுவனத்தில் தகுதியுள்ள தொழில்நுட்பர் இருக்க வேண்டும் என்பது விதி. வேளாண்மையிலோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம் பெற்று, மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சி முடித்தவரையே விதி குறிப்பிடுகிறது. மருந்தின் அளவு, கலக்கும் முறை, காற்றோட்டம், முறிவு மருந்து ஆகியவற்றை அறிந்த ஒருவர் அந்த வேலைக்குப் பொறுப்பேற்கிறார் என்பதே உரிமத்தின் பொருள்.

மருந்தைக் கையாளும் தொழிலாளரையும் விதிகள் மறந்துவிடவில்லை. கையுறை, சுவாசக் கவசம், முதலுதவிப் பொருள்கள், பயிற்சி ஆகியவற்றோடு, காலமுறை மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம். கரிமப் பாஸ்பரஸ் வகை மருந்துகளைக் கையாள்பவருக்கு, இரத்தத்தில் கோலின்எஸ்டரேஸ் என்னும் நொதியின் அளவை மாதந்தோறும் பார்க்க வேண்டும். முகக்கவசம்கூட இன்றி உங்கள் வீட்டுக்குள் மருந்து அடிக்கும் இளைஞரைக் கண்டால், அவரை அனுப்பிய நிறுவனம் அவருடைய உடல்நலத்திலும் அக்கறை கொள்ளவில்லை, உங்களுடைய நலத்திலும் கொள்ளப்போவதில்லை என்று கருதுவதில் தவறில்லை.

ஒருவர் தம் சொந்த வீட்டில் தாமே மருந்து பயன்படுத்துவதற்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. அதனால், கடையில் வாங்கி நாமே அடிக்கும்போது நம்மைக் கண்காணிக்க எவரும் இல்லை. புட்டியின் மேல் ஒட்டிய வில்லையும் அதனுடன் வரும் துண்டறிக்கையுமே அப்போது நமக்குக் காவல். வில்லையிலுள்ள சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை ஒப்பளவில் குறைந்தது. பச்சை என்பதற்குத் தீங்கற்றது என்று பொருள் இல்லை. வயலுக்கென வாங்கிய மருந்தைப் படுக்கையறையில் அடிப்பது எந்நிலையிலும் கூடாது. மூட்டைப்பூச்சிக்கென்று ஒரு காலத்தில் பலரும் நாடிய டைகுளோர்வாஸ், 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் முற்றிலும் தடைசெய்யப்பட்டுவிட்டது.

பெயர் தெரிந்தால் சிகிச்சை தெரியும்

“ஏதோ எலி மருந்து” என்று சொல்லி நோயாளியை அழைத்து வருபவர்கள் உண்டு. எலி மருந்து என்பது ஒரே நஞ்சு அன்று. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகைக்கு வைட்டமின் கே-1 நல்ல முறிவு மருந்து. மஞ்சள் பாஸ்பரஸ் பசையை உட்கொண்டவர், முதலில் வாந்தி எடுத்து, பின்பு ஓரிரு நாள் நலமாகிவிட்டவர் போலவே தோன்றுவார். அதற்குப் பின்னரே கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். அந்த இடைவெளியில் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவது உயிருக்கே ஆபத்து. கரிமப் பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிக்கு அட்ரோபின் ஊசி தேவைப்படும். பைரித்திராய்டு வகைத் தெளிப்புகள் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். பெயர் தெரியாதபோது, அறிகுறிகளை வைத்து ஊகித்துச் சிகிச்சை தொடங்க வேண்டியிருக்கிறது. விலைமதிப்பற்ற நேரம் அதில் கழிகிறது.

இவற்றுள் மிகவும் அஞ்ச வேண்டியது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டதும் இதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சுவாயு வெளிவரும். அது சுவர் விரிசல், கதவிடுக்கு, குழாய் செல்லும் துளை ஆகியவற்றின் வழியே அடுத்த அறைக்கும் அடுத்த வீட்டுக்கும் பரவக்கூடியது. இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும் இந்த வாயுவுக்கு முறிவு மருந்து இல்லை. இதனால்தான் அரசு அமைப்புகளும், அங்கீகாரம் பெற்ற வல்லுநரின் மேற்பார்வையில் இயங்கும் பூச்சி ஒழிப்பு நிறுவனங்களும் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம் என்று அரசு வரையறுத்துள்ளது. தானியக் கிடங்குகளில் பயன்படும் இம்மாத்திரை, மக்கள் உறங்கும் வீட்டில் வைத்துவிட்டுப் போகும் பொருள் அன்று. 2024 நவம்பரில் சென்னைப் புறநகர் ஒன்றில், நிறுவன ஊழியர்கள் எலி மருந்து வைத்துச் சென்ற வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் உயிரிழந்த செய்தி நம் அனைவருக்கும் எச்சரிக்கை.

வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன்

1. பூச்சி ஒழிப்புப் பணிக்கான உரிமத்தின் நகலைக் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் பொருந்துகின்றனவா, உரிமம் செல்லுபடியாகும் நிலையில் உள்ளதா என்று பாருங்கள்.

2. பயன்படுத்தப்போகும் மருந்தின் வேதிப்பெயரை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்து அதன் சொந்தப் புட்டியில், வில்லையுடன் வர வேண்டும். பெயரில்லாத தண்ணீர்ப் புட்டியில் கொண்டுவந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

3. வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், ஆஸ்துமா நோயாளி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் யாரேனும் உண்டெனில் முன்கூட்டியே சொல்லுங்கள். தெளிப்புக்கு மாற்றாக, கரப்பானுக்குப் பசைப்பொறி வைப்பது, எலிக்குக் கூண்டு வைப்பது, ஓட்டைகளை அடைப்பது போன்ற வழிகளை முதலில் கேளுங்கள்.

4. எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதைக் கேட்டு, வில்லையிலும் சரிபாருங்கள். திரும்பியதும் எல்லாச் சன்னல்களையும் திறந்து நன்கு காற்றோட்டம் கொடுத்த பின்பே ஏசியை இயக்குங்கள். நோயாளி அதற்குப் பின் வரட்டும். கூடுமானால் மறுநாள் வரட்டும்.

5. மாத்திரைகள், நெபுலைசர், ஆக்சிஜன் குழாய், முகமூடி, குடிநீர், படுக்கை விரிப்பு ஆகியவற்றை முன்னதாகவே வெளியேற்றுங்கள். ஆக்சிஜன் பயன்படுத்தும் அறையில் தெளிப்பான் டப்பாக்களைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றுள் பல எளிதில் தீப்பற்றக்கூடியவை.

6. கரையான் மருந்தை மண்ணில் இறக்கும்போது, அருகில் கிணறோ நிலத்தடித் தொட்டியோ இருப்பதைத் தெரிவியுங்கள். காலிப் புட்டிகளை வீட்டில் விட்டுச்செல்ல அனுமதிக்காதீர்கள். அவற்றைப் பிற பயன்பாட்டுக்குக் கழுவி வைக்காதீர்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள், அண்டை வீட்டாருக்கும் முன்னறிவிப்புக் கொடுப்பது கடமை. சுவருக்கு அப்பால் யார் நோயுற்றுப் படுத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. உரிமம் இன்றி இத்தொழில் நடத்துபவரைப் பற்றி மாவட்ட வேளாண்மைத் துறை அலுவலகத்தில் புகார் அளிக்கலாம்.

அறிகுறி தோன்றினால்

மருந்து இட்ட வீட்டில் இருப்பவருக்குத் தலைச்சுற்றல், வாந்தி, மார்பில் இறுக்கம், மூச்சுத்திணறல், கண்ணிலும் வாயிலும் நீர் வடிதல், தசைத் துடிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும், முதலில் எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். ஒரே வீட்டில் இருவருக்கு ஒரே நேரத்தில் வாந்தி என்றால், உணவை மட்டும் குறை கூறிக் காத்திராதீர்கள். தோலில் மருந்து பட்டிருந்தால் உடைகளைக் களைந்து சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். பாலோ மோரோ உப்புநீரோ புகட்டாதீர்கள். 108க்கு அழைத்து, மருந்துப் புட்டியையோ அதன் வில்லையின் படத்தையோ உடன் கொண்டுவாருங்கள். மருந்து வைத்த நிறுவனத்தையும் உடனே தொலைபேசியில் அழைத்து, மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு ஒரு முகவரியும், பதில் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளரும் இருப்பார்கள். தெருவில் கிடைத்த எண்ணை வைத்து அழைத்தவரிடம் அந்த நள்ளிரவில் பதில் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

மருந்தின் பெயர் எழுதிய ரசீதை மின்கட்டண அட்டையோடு வைத்துவிடாதீர்கள். நோயாளியின் மருத்துவக் கோப்பிலேயே வைத்திருங்கள். அவசரத்தில் நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவருவது அந்தக் கோப்பைத்தான்.