தன்னைத் தானே பரிபாலிக்கும் கணினி

சித்திரை நண்பகலில் மானிப்பாய் வீதி வழியே சைக்கிள் மிதித்துச் செல்பவர் ஒருவரின் சித்தம் சந்தைக் கணக்கில் லயித்திருக்கையிலேயே, அவருடைய சரீரத்தில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, வியர்வை பெருகி, இருதயம் வேகங்கொண்டு, உள்வெப்பத்தை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸிலேயே நிறுத்திவிடுகின்றன. தன்னாட்சி நரம்புத்தொகுதி என்று நம் பாடநூல்கள் கூறுவது இதனையே. 1848இல் இதே மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கி, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, மாணாக்கருக்குத் தமிழிலேயே போதித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் கிறீனின் ஊருக்கு உடற்றொழிற் சாஸ்திரம் புதிதன்று.

கணினிகளுக்கும் அத்தன்னாட்சி நரம்புத்தொகுதியே மாதிரியாகட்டும் என்று 2001இல் பிரேரித்தவர் ஐ.பி.எம். ஆராய்ச்சித் தலைவர் போல் ஹோர்ன். கருவிகள் பெருகப் பெருக, அவற்றைப் பிணைத்துப் பராமரிக்கும் நிபுணரின் சுமை மனித சக்திக்கு அப்பாற்பட்டுவிடும் என்பது அவர் கவலை. தன் நிலையை இடையறாது கண்காணித்து, ஆராய்ந்து, திட்டமிட்டு, செயற்படுத்தி, மீண்டும் கண்காணிக்கும் சக்கரமே இவ்வமைப்பின் ஜீவநாடி: ஒரு சேவையகம் திணறினால் வேறொன்று வேலையை ஏற்கும், பழுதுற்றது தானே விலகிக்கொள்ளும். இவ்வாறே தம்மைத் தாமே ஒழுங்குபடுத்தும் பாலைவன எறும்புகளும், விதையுடன் புற்றுக்குத் திரும்புவோரின் வரவு வீதத்தைக் கொண்டே புறப்படுவோரின் தொகையை நிர்ணயிக்கின்றன. இணையமும் தரவின் ஓட்டத்தை இவ்வாறே அளவிடுகிறது என்பதை உயிரியலாளர் டெபோரா கோர்டனும் கணினி அறிஞர் பாலாஜி பிரபாகரும் 2012இல் எடுத்துக்காட்டினர்.

ஆயினும், இயற்கையைப் பின்பற்றும் அமைப்புக்கு இயற்கையின் பிணிகளும் வரும். 2021 அக்டோபர் 4ஆம் தேதி, நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின்னர், ரொறொன்ரோவிலும் லண்டனிலும் உள்ள உறவினரோடு வட்ஸ்அப்பில் பேச முற்பட்டோர் தொடர்பின்றித் திகைத்தனரன்றோ? வட்ஸ்அப்பை நடத்திய பேஸ்புக் நிறுவனத்தில் பராமரிப்புக்கென இட்ட ஒரு கட்டளை அதன் தரவு நிலையங்களின் இணைப்பு முழுவதையும் துண்டித்துவிட, பெயரைக் கொண்டு முகவரி காட்டும் சேவையகங்கள், தரவு நிலையங்களை எட்ட முடியாமையைத் தம் நோயாகவே கருதி, விதித்தபடி தம்மை இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டன. விதி பிசகவில்லை, நிதானந்தான் பிசகியது. நோயெதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் வாதநோய்க்கு இது வெகு சமீபம். பழுதுபார்க்கும் உட்கருவிகளும் அவ்வலையையே நம்பியிருந்தமையால், பொறியியலாளர் நிலையங்களுக்கு நேரிற் செல்ல நேர்ந்தது; சேவை மீள ஏறத்தாழ ஆறு மணி நேரமாயிற்று.

சுயபரிபாலனத்தைக் கணினிக்கு அளிப்போர், அதனை நிறுத்தும் வழியை அதன் அதிகாரத்துக்கு வெளியே, மனிதர் கைக்கெட்டும் இடத்தில் அமைத்தல் அவசியம் என்பதே எமது துணிபு.