ரஃபேல் விமானமும் உங்கள் வரிப் பணமும்

ரஃபேல் போர் விமானம் ஒன்றின் விலை 1,600 கோடி ரூபாய் என்று ஒருவர் சொல்கிறார். இல்லை, 670 கோடிதான் என்கிறார் இன்னொருவர். முந்தைய ஆட்சியில் 526 கோடிக்கே பேசினார்களே என்கிறார் மூன்றாமவர். டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் பல ஆண்டுகளாக இந்த வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. கேட்கிற உங்களுக்குக் குழப்பம்தான் மிச்சம்.

இதில் எது சரியான விலை?

2016 செப்டம்பர் 23 அன்று இந்தியாவும் பிரான்ஸும் 36 ரஃபேல் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டன. மொத்தத் தொகை சுமார் 787 கோடி யூரோ. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய். இதை 36 ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 1,600 கோடிக்குச் சற்று மேல் வரும். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன விலை ஒன்றுக்குச் சுமார் 670 கோடி.

இரண்டுமே பொய் இல்லை. பைக் வாங்கும்போது ஷோரூம் விலை ஒன்று, ஆன்-ரோடு விலை ஒன்று என்று சொல்வார்கள் அல்லவா, அதுபோலத்தான். 670 கோடி என்பது வெறும் விமானத்தின் விலை. ஏவுகணைகள், உதிரி பாகங்கள், இந்தியாவுக்கென்று செய்த மாற்றங்கள், பராமரிப்பு எல்லாம் சேர்ந்தது 1,600 கோடி. 526 கோடி என்பது 126 விமானங்களுக்கான பழைய டெண்டரை வைத்துக் காங்கிரஸ் கட்சி சொன்ன கணக்கு. அந்தக் கொள்முதல் கையெழுத்தாகவே இல்லை. ஆகவே அதை எடுத்து 1,600 கோடியின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது முறையாகாது.

நான் வருமான வரியே கட்டுவதில்லையே, எனக்கு என்ன நஷ்டம்?

நீங்கள் வாங்கும் சோப்பிலும், போடும் ரீசார்ஜிலும், வண்டிக்கு அடிக்கும் பெட்ரோலிலும் வரி இருக்கிறது. 59,000 கோடியை 140 கோடி மக்களுக்குப் பிரித்தால் தலைக்குச் சுமார் 420 ரூபாய். கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இது ஒரே நாளில் கொடுத்த பணம் அல்ல, சில ஆண்டுகளில் தவணையாகப் போனது.

இத்தகைய தொகைகளின் அளவு மனதில் பதிய வேண்டுமானால் சென்னைக்கு வாருங்கள். 2025 ஏப்ரலில் கடற்படைக்காக 26 ரஃபேல்-எம் (விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து பறக்கும் வகை) விமானங்கள் சுமார் 63,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமாயின. மாதவரம் தொடங்கி சிறுசேரி வரை நகரத்தையே தோண்டிப் போட்டு நடக்கிறதே, சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி, அதன் மதிப்பீடு 63,246 கோடி. ஏறத்தாழ 119 கிலோமீட்டர் ரயில் பாதையும் 26 விமானங்களும் ஒரே விலை. இது மெட்ரோவுக்கு வைத்திருந்த பணம் என்று சொல்ல வரவில்லை. இவ்வளவு பெரிய தொகைக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்கிறேன்.

அப்படியானால் வாங்காமலே இருந்திருக்கலாமே?

வாங்காமல் இருப்பதற்கும் விலை உண்டு, அதைப் பணத்தால் மட்டும் அளக்க முடியாது. 1970களின் தொடக்கத்தில் இருந்து 2012 ஏப்ரல் வரை 482 மிக் ரக விமானங்கள் விபத்துகளில் அழிந்தன. 171 விமானிகளும் 39 பொதுமக்களும் உயிரிழந்தார்கள். அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது. மாற்று விமானம் வந்து சேராததால்தான் மிக்-21 ரகத்தை 2025 செப்டம்பர் வரை ஓட்ட வேண்டியிருந்தது. அது விடைபெற்ற பிறகு, 42 ஸ்குவாட்ரன் (16 முதல் 18 விமானங்கள் கொண்ட படைப்பிரிவு) இருக்க வேண்டிய விமானப் படையில் 29 மட்டுமே மிஞ்சின. இரண்டு பக்கமும் அணு ஆயுத நாடுகளை வைத்துக்கொண்டு இதை அலட்சியம் செய்ய முடியாது. விமானம் தேவைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

விலையைக் கொடுத்துவிட்டால் செலவு முடிந்துவிடுமா?

இல்லை, அங்கேதான் ஆரம்பம். போர் விமானம் முப்பது, நாற்பது ஆண்டுகள் பறக்கும். அமெரிக்காவின் எஃப்-35 விமானத் திட்டத்தில், விமானங்களை வாங்கும் செலவைவிட ஆயுள் முழுவதும் பறக்க வைக்கும் செலவு பல மடங்கு என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பே சொல்லி வருகிறது.

நம் ஊரிலேயே பாருங்கள். 2015-ல் சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அரசியலமைப்பு அமைப்பு) சுகோய்-30 விமானங்களை ஆராய்ந்தது. 75 சதவீதம் எந்நேரமும் பறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. இருந்ததோ 55 முதல் 60 சதவீதம். நூறு விமானத்துக்குப் பணம் கட்டிவிட்டு நாற்பதை ஷெட்டில் நிறுத்தி வைத்த கதை இது.

ரஃபேல் ஒப்பந்தத்தில் 75 சதவீத விமானங்கள் தயார் நிலையில் இருக்கும்படி பராமரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே வைத்தார்கள். என்னைக் கேட்டால், அந்த ஒப்பந்தத்தில் வரி கட்டுபவருக்கு மிகவும் நன்மை தரும் ஷரத்து அதுதான். விலையைப் பற்றிப் பேசியதில் பத்தில் ஒரு பங்குகூட நாம் இதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு எங்கேதான் பணம் வீணானது?

தாமதத்திலும், எண்ணிக்கையைக் குறைத்ததிலும். 126 விமானங்களுக்கு 2007-ல் டெண்டர் விட்டார்கள். ஆறு நிறுவனங்கள் போட்டியிட்டன. 2012 ஜனவரியில் ரஃபேல்தான் விலை குறைவு என்று முடிவாயிற்று. மூன்று ஆண்டுகள் பேரம் பேசியும் படியவில்லை. 2015 ஏப்ரலில் பிரதமர் மோடி பாரிஸில் 36 விமானங்கள் மட்டும் வாங்கப்போவதாக அறிவித்தார். முதல் ஐந்து விமானங்கள் அம்பாலா விமானப் படைத் தளத்தில் இறங்கும்போது 2020 ஜூலை ஆகிவிட்டது.

எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும்? இந்தியா கேட்ட 13 சிறப்பு மாற்றங்களை வடிவமைக்கும் செலவு 130 கோடி யூரோ என்று ‘தி இந்து’ நாளிதழ் 2019 ஜனவரியில் எழுதியது. வடிவமைப்புச் செலவு 36 விமானத்துக்கும் ஒன்றுதான், 126 விமானத்துக்கும் ஒன்றுதான். 126 ஆகப் பிரித்திருந்தால் ஒரு விமானத்தின் தலையில் சுமார் 1 கோடி யூரோ விழுந்திருக்கும். 36 ஆகப் பிரித்ததால் 3.6 கோடி யூரோ விழுந்தது.

சிஏஜி என்ன சொன்னது? பழைய விலையோடு ஒப்பிட்டால் மொத்தத்தில் 2.86 சதவீதம் மலிவு என்றது. அதே அறிக்கையில், வங்கி உத்தரவாதம் கேட்காமல் விட்டதால் விற்பவருக்கு மிச்சமான பணம் நமக்கு வந்து சேரவில்லை என்றும் குறிப்பிட்டது. விலை விவரங்கள் ரகசியம் என்பதால் அறிக்கையில் அவற்றை மறைத்தே வெளியிட்டார்கள். ஆயுதத்தின் திறன் ரகசியமாக இருக்கட்டும். நாம் கொடுத்த விலை நமக்கே ரகசியமாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கேயே செய்துகொண்டால் தொல்லை இல்லையே?

செய்கிறோம். கோவையை அடுத்த சூலூரில் நிற்பது தேஜஸ், இந்தியாவில் வடிவமைத்த விமானம். அதன் புதிய மார்க்-1ஏ வகைக்கு இறக்கைகளைக் கோவையில் எல் அண்ட் டி செய்து தருகிறது. அந்தப் பணம் கோவைத் தொழிலாளியின் சம்பளமாகி, மறுபடி இங்கேயே புழங்குகிறது.

ஆனால் என்ஜின் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்துடையது. 2021-ல் 99 என்ஜின்களுக்கு ஆர்டர் கொடுத்தோம். முதல் என்ஜின் வந்தது 2025 மார்ச்சில்தான், கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு தாமதம். விமானம் நம்முடையது, இதயம் வெளிநாட்டுடையது என்றால் காத்திருப்பும் நம்முடையதே. சொந்த என்ஜினுக்கான காவேரி திட்டம் 1989-ல் தொடங்கியது, இன்னும் தேஜஸில் ஏறவில்லை. அதற்குப் போதிய பணமும் பொறுமையும் தராமல் விட்டதன் வட்டியைத்தான் வெளிநாட்டு விமானங்களின் விலையில் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

வெளிநாட்டில் வாங்கினாலும் வேலைவாய்ப்பு இங்கே வரும் என்றார்களே?

ரஃபேல் ஒப்பந்தத்தில் பாதித் தொகைக்கு ஆஃப்செட் (விற்கும் நிறுவனம் இந்தியாவிலேயே கொள்முதலோ முதலீடோ செய்யும் கடமை) உண்டு. ஆனால் அதில் 30 சதவீதத்தைத் தொழில்நுட்பமாகத் தருவதாகச் சொன்னவர்கள் அதை இன்னும் உறுதி செய்யவில்லை என்று 2020-ல் சிஏஜி எழுதியது. காகிதத்தில் இருக்கும் வாக்குறுதியை வரவில் எழுதிவிடாதீர்கள்.

அடுத்த செய்தி வரும்போது எதைப் பார்ப்பது?

சுமார் 110 போர் விமானங்கள் வாங்குவதற்கான முதல் அறிவிப்பு 2018-லேயே வந்தது, பிறகு அந்த எண்ணிக்கை 114 ஆனது. இனி அதுபற்றிய தலைப்புச் செய்தியைப் படிக்கும்போது, சொல்லும் விலையில் ஆயுதமும் பராமரிப்பும் அடக்கமா என்று பாருங்கள். விலை யூரோவிலா, ரூபாயிலா என்று பாருங்கள். 2016-ல் ஒரு யூரோ சுமார் 75 ரூபாய், 2025 ஏப்ரலில் 95 ரூபாயைத் தாண்டிவிட்டது. பணத்தைத் தவணையாகக் கட்டுவதால், ரூபாய் சரியும்போதெல்லாம் பில் ஏறும். நம் ஏவுகணையை விற்கும் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அந்த விமானத்தில் பொருத்த முடியுமா, எத்தனை விமானங்கள் இங்கே தயாராகும், எந்தத் தேதிக்குள் என்ற விவரங்கள் செய்தியில் இல்லாவிட்டால், உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேளுங்கள். நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேள்வி கேட்டுப் பதில் வாங்க அவரால் முடியும். 670 கோடி என்ற விவரமும் நாடாளுமன்றத்தில் அளித்த பதில் வழியாகத்தான் நமக்குக் கிடைத்தது.