விடாத காய்ச்சலும் இதய வால்வும்

இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் உட்புறமாகப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு பழுதின்றி இருக்கும்வரை, பெரும்பாலான கிருமிகள் அதில் ஒட்டுவதில்லை. ருமாட்டிக் காய்ச்சலால் தடித்த வால்விலோ செயற்கை வால்விலோ முதலில் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்னும் உறைபுரத இழைகளும் படிகின்றன. ஈறு, தோல்புண், டயாலிசிஸ் குழாய் ஆகியவற்றின் வழியே இரத்தத்தில் நுழையும் பாக்டீரியா அப்படிவில் தங்கிப் பெருகுவதே எண்டோகார்டைட்டிஸ் எனப்படும் இதய உள்ளுறைத் தொற்று.

இந்நோய் பெரும்பாலும் இதயநோயின் சாயலில் தொடங்குவதில்லை. வாயில் வாழும் விரிடன்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காரணமாயின் வாரக்கணக்கில் லேசான காய்ச்சலும் இரவு வியர்வையும் எடைக்குறைவும் நீடிப்பதால், தமிழ்நாட்டில் காசநோய் என்றோ டைபாய்டு என்றோ கருதப்பட இடமுண்டு. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியோ நல்ல வால்வையும் தாக்கிச் சில நாட்களிலேயே அரித்துவிடக்கூடும். வால்வில் வளர்ந்த திரளிலிருந்து பெயரும் துணுக்கு மூளையை அடைந்தால், பக்கவாதமே முதல் அறிகுறியாகிவிடும். நகத்தடியில் சிராய் போன்ற கோடுகள், விரல்நுனியில் வலிமிக்க ஆஸ்லர் முடிச்சுகள் ஆகியவற்றைப் பாடநூல்கள் விரிவாகப் பேசினாலும், இன்று அவை சிலரிடமே காணப்படுவதால், அவை இல்லை என்பதை வைத்து நோயில்லை என்று முடிவுசெய்ய இயலாது.

முடிவைத் தருபவை எக்கோ பரிசோதனையும் இரத்தக் கல்ச்சரும், அதாவது இரத்தத்தை ஊடகத்தில் வைத்துக் கிருமியை வளர்த்துக் காணும் முறையும் ஆகும். இசையமைப்பாளர் குஸ்தாவ் மாஹ்லருக்கு 1911-இல் நியூயார்க்கில் இந்நோய் உறுதிசெய்யப்பட்டது கல்ச்சர் மூலமே; ஆன்டிபயாடிக் இல்லாத காலமாதலால் அவ்வாண்டு மே மாதம் வியன்னாவில் அவர் இறந்தார். இன்று மருந்து உண்டு. ஆனால் காரணம் அறியப்படுமுன் கடையில் வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் காய்ச்சலைத் தற்காலிகமாகத் தணித்து, கல்ச்சரில் கிருமி வளராமல் செய்துவிடுகின்றன. ஆகவேதான் மருந்து தொடங்குமுன், வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி மூன்று முறை இரத்தம் எடுக்கப்படுகிறது.

திரளுக்குள் இரத்தக்குழாய்கள் இல்லாததால் வெள்ளணுக்கள் அங்கே எளிதில் நுழைவதில்லை. அதனால் வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை நரம்பூசி மருந்து தேவைப்படுகிறது. வால்வு சிதைந்து இதயம் தளர்ந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

தடுப்பைப் பொறுத்தவரை, அமெரிக்க இதயச் சங்கம் 2007-இல் தன் பரிந்துரையைச் சுருக்கிக்கொண்டது. அன்றாடம் பல் துலக்கும்போதே கிருமிகள் இரத்தத்தில் கலப்பதால் வாய்ச் சுகாதாரமே முதன்மை என்று கொண்டு, செயற்கை வால்வு பொருத்தப்பட்டோர், முன்பே இத்தொற்றுக்கு ஆளானோர், சில பிறவி இதயக் குறைபாடுடையோர் போன்ற அபாயம் மிகுந்தவர்களுக்கு மட்டும், ஈறு சார்ந்த பல் சிகிச்சைக்கு முன் ஒருவேளை ஆன்டிபயாடிக் போதும் என அது வரையறுத்தது.