வெறுங்கைக் கலை

கராத்தே என்றதும் ஓடு உடைக்கும் வீரர்களும் திரைப்படச் சண்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தில் நடித்தவரும், தமிழகத்தில் இக்கலையைப் பரப்பியவர்களுள் ஒருவருமான ஷிஹான் ஹுசைனி 2025இல் மறைந்தபோது, எங்கள் தெருவிலும் அதே பேச்சுத்தான். ஸ்ரீபெரும்புதூரில் மாலை வகுப்பொன்றில் எட்டு மாதங்களாகப் பயில்பவன் நான். இதுவரை ஓர் ஓட்டைக்கூடத் தொட்டதில்லை!

ஒக்கினாவாத் தீவில் வளர்ந்த இக்கலைக்கு முதலில் ‘சீனக் கை’ என்றே பொருள். 1936இல் அத்தீவின் ஆசான்கள் கூடி, ஓசையை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றி, ‘வெறுங்கை’ என்று பொருள்படச் செய்தனர். 1922இல் டோக்கியோவில் இதைச் செய்து காட்டிய ஃபுனகோஷி பள்ளி ஆசிரியராய் இருந்தவர். நிறப்பட்டை வழக்கம் ஜூடோவிலிருந்து வந்தது.

இயற்பியல் மாணவனான என்னைக் கவர்ந்தது குத்துத்தான். குத்துவது கையன்று. பாதம் தரையை உந்துகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் தொடர்கிறது, முட்டி கடைசியில்தான் வந்து சேர்கிறது. படுவதோ முதலிரண்டு விரல் கணுக்கள் மட்டுமே. விசை அதேதான், பரப்பு குறைவதால் அழுத்தம் கூடுகிறது. அரிவாள்மனையைத் தீட்டுவதும் இதற்காகத்தானே!

எங்கள் வகுப்பில் ஏழு வயதுச் சிறுவர்களும் உண்டு. ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து, கண் சிவக்க வரும் அண்ணன்மாரும் உண்டு. நிற்கும் வரிசை வயதைப் பொறுத்ததன்று, பட்டையைப் பொறுத்தது. “அண்ணன் கூட வந்தால்தான் அனுப்புவேன்” என்று அம்மா சொன்னதால், பத்து வயதுத் தங்கையும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். பட்டைத் தேர்வு வந்தது. ஒருவருக்குத்தான் கட்டணம் கட்ட முடிந்தது. குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்; அதுவரை படிப்புச் செலவு என்றால் முதலில் எனக்குத்தான். இம்முறை அவள் எழுதினாள். இன்று மஞ்சள் பட்டையுடன் முன்வரிசையில் நிற்கிறாள். வெள்ளைப் பட்டைக்காரனான நான் பின்னால். “முழங்காலை நல்லா மடக்குண்ணா” என்று அவள் சொன்னால் மடக்கத்தான் வேண்டும்.

சேர விரும்பும் நண்பர்களுக்கு ஒன்று. பட்டைச் சான்றிதழ் பல்கலைக்கழகப் பட்டம் போன்றதன்று. ஒவ்வோர் அமைப்பும் தன் பெயரில் தருவது. எந்த அமைப்பு, ஆண்டுக்கு எத்தனை தேர்வு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள். மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். இத்தனை மாதத்தில் கறுப்புப் பட்டை நிச்சயம் என்பாரிடம் சற்று எச்சரிக்கை தேவை. ஒருநாள் ஓரமாய் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகளை ஆசான் எப்படித் திருத்துகிறார் என்று பாருங்கள். வெள்ளைச் சீருடைக்கு அவசரமில்லை. தளர்ந்த காற்சட்டை போதும். கால் நகங்களை மட்டும் வெட்டிக்கொண்டு வாருங்கள்.